லாட்டரியில் விழுந்த மியூசியம்

ஒரு தேசத்துக்கு மியூசியம் வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? கமிட்டி போடுவார்கள். கமிட்டி இரண்டு வருஷம் டீயும் முந்திரி பக்கோடாவும் சாப்பிட்டுவிட்டு ரிப்போர்ட் கொடுக்கும். அமைச்சர் அடிக்கல் நாட்டுவார். கல் இருக்கும். கட்டடம் வர அடுத்த ஆட்சி வரவேண்டும்.

இங்கிலாந்துக்காரர்கள் 1753-ல் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். லாட்டரிச் சீட்டு விற்றார்கள்.

ஜோக் இல்லை. உலகத்தின் முதல் தேசிய மியூசியம் என்று மார்தட்டிக்கொள்கிற லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' பாணியில் பிறந்ததுதான். அதுவும் சாதாரண லாட்டரி இல்லை, பெரிய ஊழல் நடந்த லாட்டரி. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் பெயர் ஹான்ஸ் ஸ்லோன். 1660-ல் அயர்லாந்தின் வடக்குப் பகுதியில் பிறந்தவர். 27 வயதில், ஜமைக்காவுக்கு கவர்னராகப் போன ஒரு பிரபுவுக்குக் குடும்ப டாக்டராகக் கப்பலேறினார். கவர்னர் ஒரு வருஷத்திலேயே காலமாகிவிட்டார். (டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். ஆசாமி மொடாக்குடியர்.) ஸ்லோன் 1689-ல் லண்டன் திரும்பும்போது சுமார் 800 செடி வகைகளை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி எடுத்து வந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உயிரோடு ஒரு 7 அடி மஞ்சள் பாம்பு, ஓர் உடும்பு ஜாதிப் பிராணி, ஒரு முதலை மூன்றையும் கப்பலில் ஏற்றினார். பாம்பு ஜாடியிலிருந்து நழுவி, கவர்னர் மனைவியின் வேலைக்காரர்கள் தங்கியிருந்த இடத்தின் கூரையில் போய் ஏறிக்கொள்ள, அவர்கள் சுட்டுவிட்டார்கள். உடும்பு, ஒரு மாலுமியைப் பார்த்து மிரண்டு கடலில் குதித்தது. முதலை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் கிடந்து ஊர் வருவதற்குள் செத்துப்போனது. மியூசியத்துக்கு உயிரில்லாத பொருள்தான் லாயக்கு என்று அப்போதே தெரிந்திருக்கும்.

லண்டனில் டாக்டருக்கு ஏகப்பட்ட கிராக்கி. மூன்று ராஜா ராணிகளுக்கு வைத்தியம் பார்த்தார். சாக்லேட்டைப் பாலில் கலந்து குடிப்பது உடம்புக்கு நல்லது என்று சிபாரிசு செய்தார். பிற்பாடு கடைக்காரர்கள் அவர் பெயரைப் போட்டே சாக்லேட் விற்றார்கள். 1727-ல் நியூட்டன் இறந்தபோது, ராயல் சொசைட்டியின் தலைவர் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தது இவர்தான்.

வந்த பணத்தையெல்லாம் பொருளாக மாற்றினார். நாணயம், சங்கு, பூச்சி, கையெழுத்துப் பிரதி, மூலிகை, எலும்பு, எகிப்து சாமான், எது கிடைத்தாலும் வாங்கினார். 1725-ல் லண்டனில் அச்சாபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, கையில் காசில்லாத ஓர் அமெரிக்கப் பையன் இவருக்குக் கடிதம் போட்டான். 'என்னிடம் கல்நாரில் செய்த பர்ஸ் இருக்கிறது. தீயில் போட்டாலும் எரியாது. வேண்டுமா?' என்கிற அர்த்தத்தில். ஸ்லோன் வாங்கிக்கொண்டார். பையனுக்கு வயது 19. பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். அந்த பர்ஸ் இன்றைக்கும் லண்டனில் இருக்கிறது. (எரியாத பர்ஸ் சரி, மாசக் கடைசியில் காலியாகாத பர்ஸை யாராவது கண்டுபிடித்தால் தேவலை.)

சங்கீத மேதை ஹேண்டல் ஒருமுறை இவர் வீட்டுக்கு வந்தபோது வெண்ணெய் தடவிய ரொட்டியை ஓர் அபூர்வப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டார், டாக்டருக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, சேகரிக்கிற ஆசாமிகளின் வலி தெரிந்தவன் யாரோ கட்டிய கதை.

இந்தச் சேகரிப்புக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1695-ல் ஸ்லோன் கல்யாணம் செய்துகொண்ட எலிசபெத், ஜமைக்காத் தோட்ட முதலாளி ஒருவரின் விதவை. அந்தக் கரும்புத் தோட்டங்களின் வருமானத்தில் பங்கு வந்துகொண்டே இருந்தது. தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். சங்கும் நாணயமும் வாங்கின காசில் அவர்களுடைய வியர்வையும் ரத்தமும் கலந்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

*

1753 ஜனவரி 11-ல் ஸ்லோன் காலமானார். வயது 92. வீட்டில் 71,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். உயில் கெட்டிக்காரத்தனமானது. 'இதெல்லாம் தேசத்துக்கு. என் இரண்டு பெண்களுக்கு 20,000 பவுண்டு மட்டும் கொடுத்துவிடுங்கள். பொருளின் மதிப்பு அதைப்போல் பல மடங்கு. வேண்டாமென்றால் வெளிநாட்டு அகாடமிகளிடம் கேட்டுப் பாருங்கள்' என்பது சாராம்சம். அந்த வரிசையில் பாரீஸும் இருந்தது. பிரெஞ்சுக்காரனிடம் போய்விடும் என்றால் எந்த ஆங்கிலேயனுக்கு மனசு கேட்கும்?

ராஜா இரண்டாம் ஜார்ஜுக்குக் கேட்டது. கஜானாவில் அவ்வளவு பணம் இருக்குமென்று தோன்றவில்லை என்று கைவிரித்துவிட்டார்.

விஷயம் பார்லிமென்டுக்குப் போனது. அங்கே யோசித்தார்கள். ஏற்கெனவே காட்டன் என்கிற பிரபு குடும்பம் நாட்டுக்குக் கொடுத்த பழஞ்சுவடிகள் வேறு நாதியில்லாமல் கிடந்தன. 1731-ல் அவை இருந்த வீட்டில் தீப்பிடித்து, பல எரிந்தே போய்விட்டன. ஆங்கில இலக்கியத்தின் ஆதிக் காவியமான பியோவுல்ஃபின் ஒரே பிரதி விளிம்பு கருகித் தப்பியது. இன்னொரு பக்கம் ஹார்லி குடும்பத்தின் சுவடிகள் 10,000 பவுண்டுக்கு விலைக்கு வந்தன. மூன்றையும் சேர்த்து ஒரே கூரையின் கீழ் வைத்துவிடலாம் என்று 1753 ஜூனில் சட்டம் போட்டார்கள். பணம்? லாட்டரி!

ஒரு லட்சம் சீட்டு. ஒரு சீட்டு 3 பவுண்டு. கூலிக்காரனுக்கு அது பல வாரச் சம்பளம். வசூலாகும் 3 லட்சத்தில் 2 லட்சம் பரிசு, மீதி மியூசியத்துக்கு. மேற்பார்வைக்கு மூன்று பெரிய மனிதர்கள்: கேன்டர்பரி ஆர்ச்பிஷப், லார்டு சான்சலர், சபாநாயகர். ஆர்ச்பிஷப்பே லாட்டரி நடத்தினால் சீட்டில் என்ன தப்பு வரப்போகிறது?

வந்தது. ஒருவருக்கு 20 சீட்டுக்கு மேல் கிடையாது என்று சட்டத்திலேயே இருந்தது. சீட்டு விற்கும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் பீட்டர் லெஹூப் என்கிற அரசாங்க அதிகாரி. கவுன்டரைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் 'எல்லாம் தீர்ந்துவிட்டது' என்று மூடினார். சீட்டுகள் கட்டுக்கட்டாக, பொய்ப் பெயர்களில், வேண்டிய ஆசாமிகளுக்குப் போயிருந்தன. அப்புறம் அதே சீட்டு வெளியில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. முதல் நாள் முதல் ஷோ டிக்கெட்டை தியேட்டர் வாசலில் பிளாக்கில் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பார்லிமென்டில் ரகளை. விசாரணை. வழக்கு. லெஹூப் சம்பாதித்தது 40,000 பவுண்டு இருக்கும் என்று ஊரில் பேச்சு. கோர்ட் போட்ட அபராதம்? 1,000 பவுண்டு. அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

இவ்வளவுக்குப் பிறகும் மியூசியத்துக்கு 95,000 பவுண்டுக்கு மேல் மிஞ்சியது. ஸ்லோனின் பெண்களுக்கும் ஹார்லி குடும்பத்துக்கும் கொடுத்ததுபோக, சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் 30,000 பவுண்டை முதலீடு செய்தார்கள். பிறகு வீடு பார்த்தார்கள். பக்கிங்ஹாம் ஹவுஸ் என்று ஒன்றைக் காட்டினார்கள். விலை அதிகம், இடமும் சரியில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். (பிற்பாடு ராஜா குடும்பத்துக்கு அந்த இடம் சரிப்பட்டது. பக்கிங்ஹாம் அரண்மனை அதுதான்.) புளூம்ஸ்பரியில் மான்டேகு ஹவுஸ் என்கிற பழைய மாளிகையை முடித்தார்கள்.

*

1759 ஜனவரி 15. மியூசியம் திறந்தது. அனுமதி இலவசம். படிப்பிலும் அறிவதிலும் ஆர்வமுள்ள யார் வேண்டுமானாலும் வரலாம்.

சும்மா வரலாம் என்று நினைத்தால் அதுதான் தப்பு. முதலில் போர்ட்டரிடம் போய்ப் பெயர், தொழில், விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமை நூலகர் பார்த்து, இந்த ஆசாமி தேவலை என்று முடிவு செய்ய வேண்டும். இன்னொரு நாள் வந்து டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் டிக்கெட்டில் போட்ட நாளில், போட்ட நேரத்தில் வரவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 10 டிக்கெட்தான். அதுவும் வார நாளில், பகலில். வேலைக்குப் போகிறவன் லீவு போட வேண்டும். லீவு என்கிற வார்த்தையே தொழிலாளிக்குத் தெரியாத காலம் அது.

1776-ல் ஏப்ரல் மாதம் மனு போட்டவர்கள் ஆகஸ்டிலும் காத்திருந்தார்கள். 'வாரம் ஒருமுறை போர்ட்டரிடம் வந்து உங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொள்ளவும்' என்று நோட்டீஸ் வேறு. நம்மூர் கேஸ் கனெக்‌ஷன் வரிசைக்கு வித்திட்டவர்கள் யாரென்று இப்போது தெரிகிறதா?

ஏன் இத்தனை கெடுபிடி? பயம்தான். திறப்பதற்கு முன்பே டிரஸ்டிகளில் ஒருவரான டாக்டர் ஜான் வார்ட், சகல ஜனங்களையும் உள்ளே விட்டால் கட்டுப்படுத்த முடியாது என்று வாதாடினார். கும்பல் வரும், குடித்துவிட்டு வரும், எதையாவது உடைக்கும், எடுத்துக்கொண்டு போகும். லாட்டரியில் கை வைத்தது கும்பல் அல்ல, கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்த கனவான் என்பதை அதற்குள் மறந்துவிட்டார்கள்.

1784 டிசம்பரில் வில்லியம் ஹட்டன் என்பவர் பர்மிங்காமிலிருந்து வந்தார். ஏழைக் குடும்பம். சின்ன வயதில் பட்டு மில்லில் வேலை பார்த்தவர். தானே படித்து, புத்தகக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். மியூசியம் பார்ப்பது அவருடைய வெகுநாள் ஆசை. டிக்கெட் வைத்திருந்த ஒருவரிடம் கிட்டத்தட்ட 2 ஷில்லிங் கொடுத்து அதை வாங்கினார். இலவச டிக்கெட்டுக்கும் பிளாக்!

உள்ளே போனால் பத்துப் பேர் சேர்ந்த ஒரு குழு. கூட்டிப் போகிற ஆள் ஓட்டமும் நடையுமாகப் போகிறான். இது என்ன, அது என்ன என்று ஹட்டன் கேட்கிறார். எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா, பாதிக்கு மேல் பெயர்தான் எழுதி ஒட்டியிருக்கிறதே என்கிற தினுசில் பதில். அதற்கப்புறம் ஹட்டன் வாயைத் திறக்கவில்லை. குழுவில் மற்றவர்களும் கிசுகிசுத்தபடி நடந்தார்கள். அரை மணியில் வாசல் வந்துவிட்டது. 71,000 பொருட்கள், 30 நிமிஷம்! ஒரு பொருளுக்கு எத்தனை விநாடி என்று கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

ஹட்டன் அடுத்த வருஷம் தன் பயணக் கதையைப் புத்தகமாகப் போட்டார். மியூசியத்தில் பட்ட ஏமாற்றம் அதில் வரிசையாக இருக்கிறது. அந்த போர்ட்டர் பெயரும், அவசரக்காரன் பெயரும் யாருக்கும் தெரியாது. ஹட்டனைத் தெரிகிறது. எழுதி வைப்பதில் இந்த ஒரு லாபம்.

*

கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1810-லிருந்து திங்கள், புதன், வெள்ளிகளில் கௌரவமாக உடுத்திய யாரும் டிக்கெட் இல்லாமல் வரலாம் என்றார்கள். அதற்குள் எகிப்திலிருந்து ரொஸெட்டா கல் 1802-ல் வந்து சேர்ந்துவிட்டது. 1816-ல் கிரேக்கத்துப் பார்த்தினான் கோயில் சிற்பங்களை எல்ஜின் பிரபுவிடமிருந்து 35,000 பவுண்டுக்கு வாங்கியாகிவிட்டது. ஸ்லோன் காலத்துப் பல்லி, பூச்சி சமாசாரம் போய், உலகமே சிற்பம் சிற்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் பண்டிகை நாட்களில் பூட்டு. 1835-ல் பார்லிமென்ட் கமிட்டி, ஏன் என்று கேட்டது. தலைமை நூலகர் ஹென்றி எல்லிஸ் பதில் சொன்னார்: ஈஸ்டர் லீவில் திறந்தால் துறைமுகத்து மாலுமிகள் வருவார்கள், கூடவே அவர்களுடைய பெண் சிநேகிதிகளும் வருவார்கள், மேல்தட்டு மக்கள் அவர்களோடு சேர்ந்து பார்க்க விரும்பமாட்டார்கள். இதைக் கூசாமல் சொன்னார். கமிட்டி கூசியது.

1837 ஈஸ்டர் திங்கட்கிழமை. முதல்முறையாகப் பண்டிகை நாளில் மியூசியம் திறந்தார்கள். ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். மாலுமி, தையல்காரர், வேலைக்காரப் பெண், குழந்தை குட்டி எல்லோரும். வந்தார்கள், வாய் பிளந்து பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். கலாட்டா இல்லை.

உடையவே இல்லையா என்றால், உடைந்தது. 1845 பிப்ரவரியில் போர்ட்லண்ட் ஜாடி என்கிற ரோமானியக் கண்ணாடிப் பொக்கிஷத்தை ஓர் இளைஞன் ஒரு சிற்பத் துண்டைத் தூக்கிப் போட்டு நொறுக்கினான். ஒரு வாரமாக ஓயாத குடி என்று அவனே ஒப்புக்கொண்டான். மாலுமி இல்லை சார், டப்ளினில் டிரினிட்டி காலேஜ் மாணவன்!

கோர்ட்டில் இன்னும் தமாஷ். அந்தச் சட்டத்தின் கீழ் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள பொருளை உடைத்தால் தண்டிக்க வழியில்லை. ஜாடியோ விலைமதிப்பில்லாதது. எனவே ஜாடியை விட்டுவிட்டு, அதை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்ததற்காக வழக்குப் போட்டார்கள். அபராதம் 3 பவுண்டு. ஒரு லாட்டரிச் சீட்டு விலை! அதையும் முகம் தெரியாத யாரோ கட்டிவிட்டார்கள். ஜாடியை அதே வருஷம் ஒட்டவைத்துவிட்டார்கள்.

*

நமக்கும் இந்த மியூசியத்தில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி ஸ்தூபம். வால்டர் எலியட் என்கிற மெட்ராஸ் அரசாங்க அதிகாரி 1845-ல் அங்கே தோண்டி, சிற்பங்களை மெட்ராசுக்கு அனுப்பினார். வந்த கற்கள் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் வெளியே கிடந்தன. 1859-ல் பெரும்பகுதியைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1880-ல் அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. மிச்சக் கற்களை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். ஒரே ஸ்தூபம். பாதி எழும்பூரில், பாதி லண்டனில்.

திருப்பிக் கேட்டால்? 1963-ல் போட்ட சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, டிரஸ்டிகள் பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது. கிரேக்கர்கள் கேட்டுக் கேட்டு அலுக்காமல் இருக்கிறார்கள். 'எங்களிடம்தான் பத்திரமாக இருக்கும்' என்பது பழைய பதில்.

2023 ஆகஸ்டில் அந்தப் பதிலுக்கு ஓர் அடி விழுந்தது. நகை, கல் என்று சுமார் 2,000 பொருட்கள் திருடு போயோ, காணாமல் போயோ, சேதமாகியோ இருப்பதாக மியூசியமே அறிவித்தது. சில இன்டர்நெட்டில் விலைக்கு வந்திருந்தன. அதைப் பார்த்த ஒரு வியாபாரி 2021-லேயே எச்சரித்தும் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு ஊழியரை வேலையைவிட்டு நீக்கினார்கள். டைரக்டர் ராஜினாமா செய்தார். வாசலில் வரிசையில் நிற்பவனை 1759-லிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சாமான் போனது கொல்லைப்புறமாக.

ஸ்லோனைப் பற்றி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. மியூசியத்தில் அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று பீடத்தில் நின்றது. 2020 ஆகஸ்டில் அதை இறக்கி ஒரு கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார்கள். பக்கத்திலேயே அடிமைத் தோட்டத்து வருமானக் கதையையும் எழுதி வைத்தார்கள். வாழ்நாள் பூராவும் பொருட்களை அலமாரியில் வைத்து லேபிள் ஒட்டின மனிதருக்கு, 267 வருஷம் கழித்து லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். சிலையை உடைக்காமல், உண்மையை மறைக்காமல் செய்த காரியம். நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மியூசியத்துக்கு இன்றைக்கும் அனுமதி இலவசம். 1974-ல் மூன்று மாதம் காசு வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். 2024-ல் 60 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மாலுமிகள், பெண் சிநேகிதிகள் உள்பட. ஹட்டன் போல 2 ஷில்லிங் தரவேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். அமராவதிச் சிற்பங்களுக்குத் தனி இடம் உண்டு.

நீங்களும் போகலாம். அதற்கு முன்னால் விசா ஆபீசில் பெயர், தொழில், விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, நம்மை ஒருவர் பார்த்துத் தேவலை என்று முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு மட்டும் ஃபீஸ் உண்டு.